144 ஹெர்ட்ஸ் வாங்கலாமா?

வேகத் திரை போட்டால் கேம் உண்மையிலேயே ஸ்மூத்தாக ஓடுமா? கடலூர், சிதம்பரம் இளைஞர்கள் பணத்தை எண்ணி வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சிதம்பரம் நடராஜர் கோயிலின் கோபுர வாசல்களில் நின்று பக்கச் சுவர்களை அண்ணாந்து பார்த்தால் கரணச் சிற்பங்கள் வரிசையாகத் தெரியும். தூக்கிய கால், ஒடிந்த இடை, வீசிய கை. நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்கள் அவை. நடன நிலைகள் என்றே பலரும் அவற்றை நினைத்திருந்தார்கள். நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் செய்த முனைவர் பட்ட ஆய்வில் அந்த எண்ணத்தை மாற்றினார். கரணம் என்பது ஓர் அசைவு. அந்த அசைவின் ஒரு கணத்தை மட்டும் சிற்பி கல்லில் நிறுத்தியிருக்கிறார் என்று அவர் காட்டினார். ஒரே கரணத்தை இரண்டு சிற்பிகள் இரண்டு வெவ்வேறு கணங்களில் பிடித்திருக்கவும் முடியும். பின்னாளில் மகாராஷ்டிரத்தின் சதாராவில் எழுந்த உத்தர சிதம்பரம் நடராஜர் கோயிலுக்குக் கரணச் சிற்பங்களை வடிவமைத்தவரும் அவர்தான்.

ஓர் அசைவைத் துண்டு துண்டாக நிறுத்திக் காட்டினால், அதில் எவ்வளவு கண்ணுக்கு வந்து சேரும், எவ்வளவு நடுவில் விட்டுப்போகும்? கோபுர வாசலில் இது கலை ஆராய்ச்சி. அங்கிருந்து சற்றுத் தள்ளி, அண்ணாமலை நகர் விடுதி அறைகளில் இதே விஷயம் பத்தாயிரம் ரூபாய்க் கேள்வியாக இருக்கிறது.

“அண்ணா, பழைய மானிட்டரை மாத்திட்டு 144 ஹெர்ட்ஸ் போட்டா கேம் ஸ்மூத்தா ஓடுமா?”

திருப்பாதிரிப்புலியூர்க் கடைவீதியிலும், சென்னை ரிச்சி தெருவிலும், நெய்வேலி டவுன்ஷிப் வீடுகளிலும் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். ஓடும் என்பதே நேர்மையான பதில். 60 ஹெர்ட்ஸிலிருந்து 144-க்குப் போகிறவர் முதல் நிமிடத்திலேயே வித்தியாசத்தை உணர்வார். ஆனால் அந்தப் பலன் மானிட்டரால் மட்டும் வருவதில்லை. கணினி, கேபிள், ஒரு செட்டிங் ஆகிய மூன்றும் கூடவே வர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் 144 என்பது அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்ணாகவே நின்றுவிடும். மகன் ஆசைப்பட்டான் என்று சீட்டுப் பணத்தில் எடுத்துக் கொடுக்கும் குடும்பங்கள் நிறைந்த மாவட்டம் இது. அந்தப் பணம் வீணாகக் கூடாது.

நான்கு மில்லிமீட்டர் கணக்கு

திரையில் ஓடுவதாக நாம் காண்பது எதுவும் ஓடுவதில்லை. நின்ற படங்கள் மாறி மாறி வருகின்றன. ஒரு விநாடியில் திரை எத்தனை முறை படத்தை மாற்றுகிறது என்பதே ரெஃப்ரெஷ் ரேட். அதன் அலகு ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படம் 16.7 மில்லி விநாடி நிற்கும். 144-இல் 6.9, 240-இல் 4.2.

இதை ஆட்டத்துக்குள் கொண்டுவந்து பார்க்கலாம். 24 அங்குல முழு எச்.டி. திரையின் அகலம் சுமார் 53 சென்டிமீட்டர், 1,920 புள்ளிகள். எதிரி ஒருவன் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இரண்டு விநாடியில் ஓடுகிறான் என்று கொள்வோம். 60 ஹெர்ட்ஸ் திரையில் அவன் ஒவ்வொரு படத்துக்கும் 16 புள்ளி, அதாவது நாலரை மில்லிமீட்டர் தாவுகிறான். 144-இல் அந்தத் தாவல் இரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 240-இல் ஒரு மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது. குறி வைக்கும் தலை சில புள்ளி அகலமே இருக்கும் துப்பாக்கி விளையாட்டில் இந்த வித்தியாசம் சின்னதல்ல.

ஆனால் இந்தக் கணக்கு ஏறஏறப் பலன் இளைத்துக்கொண்டே போகிறது. 60-லிருந்து 144-க்குப் போனால் ஒரு படத்துக்குக் கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி மிச்சம். 144-லிருந்து 240-க்கு 2.8. 240-லிருந்து 360-க்கு 1.4 மட்டுமே. எண்ணும் விலையும் பெரிதாக ஏறுகின்றன. கையில் கிடைப்பதோ முந்தைய படியைவிடக் குறைவு. முதல் படியில்தான் மிகப் பெரிய லாபம் இருக்கிறது.

60 என்ற எண் எங்கிருந்து வந்தது?

கடலூர் மாவட்டத்துக்கு வேறோர் எண் நன்றாகத் தெரியும்: 50. 1962-இல் சோவியத் ஒத்துழைப்போடு நெய்வேலியில் மின் உற்பத்தி தொடங்கியது. பழுப்பு நிலக்கரியை எரித்து அங்கே சுழலும் டர்பைன்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது விநாடிக்கு 50 சுற்று சுற்றுகின்றன. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற வேகம் அது. தூர்தர்ஷனும் இதையொட்டியே விநாடிக்கு 25 படங்களை 50 அரைப் படங்களாகப் பிரித்து ஒளிபரப்பியது.

அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே தொலைக்காட்சித் தரம் வகுத்தவர்கள் மின்சாரத்தோடு ஒத்துப்போகட்டும் என்று 60-ஐ எடுத்துக்கொண்டார்கள். 1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. திரைத் தரமும் 640-க்கு 480 அளவில் அதே 60-ஐப் பிடித்துக்கொண்டது. அமெரிக்க மின்கம்பிகளில் பிறந்த எண் இப்படித்தான் 50 ஹெர்ட்ஸ் ஊரான நெய்வேலியின் மேசைகளுக்கும் வந்து சேர்ந்தது. மனிதக் கண்ணுக்கு 60 போதும் என்று யாரும் ஆராய்ந்து வைத்த எல்லை அல்ல அது.

2000-களின் தொடக்கத்தில் பிரவுசிங் சென்டர்களில் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் வைஸ் சிட்டியும் ஆடியவர்களுக்கு ஒரு செய்தி வியப்பாக இருக்கலாம். அங்கிருந்த கனத்த சி.ஆர்.டி. மானிட்டர்களில் பல 85 ஹெர்ட்ஸ் வரை போகக்கூடியவை. ரெசல்யூஷனைக் குறைத்தால் சில 100-ஐயும் தொட்டன. அதோடு, சி.ஆர்.டி.யில் ஒவ்வொரு படமும் ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்துவிடும். அதனால் ஓடும் உருவத்தின் விளிம்பு கூர்மையாகத் தெரிந்தது. பிறகு வந்த எல்.சி.டி. மெலிந்தது, கண் கூசாதது, மின்சாரத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் அசைவைக் காட்டுவதில் ஒரு படி கீழே இறங்கியது. 2009 வாக்கில் 120 ஹெர்ட்ஸ் எல்.சி.டி.க்களும், 2012-இல் 144 ஹெர்ட்ஸ் திரைகளும் சந்தைக்கு வந்தபோது, இழந்ததன் ஒரு பகுதியை விளையாட்டுக்காரர்கள் மீட்டுக்கொண்டார்கள்.

கண்ணுக்கு 24 போதும் என்பவர்களுக்கு

“சினிமாவே 24 ஃபிரேம்தான். கண்ணுக்கு அதுக்கு மேல தெரியாது” என்பது விடுதி விவாதங்களில் தவறாமல் வரும் வாதம். 1920-களின் இறுதியில் பேசும் படம் வந்தபோது, ஒலி கெடாமல் இருக்கவும் ஃபிலிம் செலவு கட்டுப்படியாகவும் பொருந்தி வந்த வேகம் 24. அது கண்ணின் எல்லை அல்ல. பழைய தியேட்டர் புரொஜெக்டர்கள்கூட 24 படங்களை 24 முறை காட்டவில்லை. முன்னால் சுழலும் ஷட்டர் ஒரே படத்தை இரண்டு அல்லது மூன்று முறை வெட்டிக் காட்டியது. இல்லையென்றால் திரை மினுங்கி மினுங்கிப் பார்ப்பவர் தலையை வலிக்க வைத்திருக்கும்.

சினிமாவுக்கும் கேமுக்கும் இன்னொரு பெரிய வேறுபாடு உண்டு. கேமரா ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைவின் மங்கலையும் சேர்த்தே பதிவு செய்கிறது. அந்த மங்கல்தான் ஒரு படத்தை அடுத்ததோடு கண்ணில் ஒட்ட வைக்கிறது. கேம் வரையும் படமோ பெரும்பாலும் கத்திமுனைக் கூர்மை. மேலும், சினிமா பார்ப்பவர் கதாநாயகனின் கையை அசைக்கப் போவதில்லை. கேமில் மவுஸை அசைப்பவர் தன் கை அசைவைத் திரையில் தேடுகிறார். கை போன பிறகு திரை வந்தால் உடம்பு அதை உடனே கண்டுகொள்ளும்.

இன்றைய எல்.சி.டி.யும் ஓ.எல்.இ.டி.யும் அடுத்த படம் வரும்வரை முந்தைய படத்தை அப்படியே பிடித்து வைத்திருப்பவை. ஓடும் உருவத்தைக் கண் வழுக்கிக்கொண்டே தொடர்கிறது. திரையில் உருவம் நின்று நின்று தாவுகிறது. இந்த முரண்தான் விழித்திரையில் இழுப்பாக, மங்கலாகத் தெரிகிறது. படம் நிற்கும் நேரம் குறையக் குறைய மங்கலும் குறையும். வேகத் திரை “தெளிவா இருக்கு” என்று விளையாடுபவர்கள் சொல்வதன் காரணம் இதுவே. பிளர் பஸ்டர்ஸ் தளத்தின் டெஸ்ட் யு.எஃப்.ஓ. என்ற இலவசச் சோதனையில், வெவ்வேறு வேகங்களில் பறக்கும் தட்டுகளை அருகருகே பார்த்து யாரும் இதைத் தாங்களே உறுதி செய்துகொள்ளலாம்.

ஆய்வுகள் சொல்வது

அமெரிக்க ஆய்வாளர்களான கிளேபூல் இணையர், ஃபிரேம் வேகத்தையும் திரைத் தெளிவையும் மாற்றி மாற்றி வைத்து, துப்பாக்கி விளையாட்டு ஆடுபவர்களைச் சோதித்தார்கள். அவர்களின் முடிவு இன்றும் மானிட்டர் வாங்குவோருக்கு வழிகாட்டி: ஃபிரேம் வேகம் ஆட்டத் திறனைப் பெரிதும் பாதித்தது, ரெசல்யூஷன் அவ்வளவாகப் பாதிக்கவில்லை. போட்டி ஆட்டம் ஆடுபவருக்கு, 60 ஹெர்ட்ஸ் 4கே திரையைவிட 144 ஹெர்ட்ஸ் முழு எச்.டி. திரை பயன்படக்கூடும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம்.

கனடாவின் லினஸ் டெக் டிப்ஸ் யூடியூப் குழு, 2019-இல் ஷ்ரௌட் உள்ளிட்ட தேர்ந்த ஆட்டக்காரர்களையும் சாதாரண ஆட்டக்காரர்களையும் 60, 144, 240 ஹெர்ட்ஸில் ஆடவைத்துப் பார்த்தது. 60-லிருந்து 144-க்குப் போனபோது முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. அதன்பின் அது சுருங்கியது.

எல்லாவற்றிலும் முக்கியமான முடிவு, மானிட்டர் வேகத்தால் வியாபார லாபம் காணும் என்விடியா நிறுவனத்தின் ஆய்வாளர்களிடமிருந்தே வந்தது. ஜோசப் ஸ்புட் குழுவினர் 2019-இல் வெளியிட்ட சோதனையில், திரை வேகத்தையும் தாமதத்தையும் தனித்தனியே பிரித்து அளந்தார்கள். தாமதம் என்பது மவுஸைச் சொடுக்கியதிலிருந்து திரையில் விளைவு தெரியும்வரை ஆகும் நேரம். தாமதத்தைக் குறைத்ததால் கிடைத்த நன்மை, தாமதத்தை மாற்றாமல் வேகத்தை மட்டும் 60-க்கு மேல் கூட்டியதால் கிடைத்ததைவிட அதிகமாக இருந்தது. வேகத் திரை நல்லது என்பதற்கு ஒரு முக்கியக் காரணம், அது இந்தத் தாமதத்தையும் சேர்த்துக் குறைப்பதே.

திரைக்குத் தீனி போடும் கணினி

மானிட்டர் விநாடிக்கு 144 படங்களைக் காட்டத் தயாராக இருக்கலாம். அவற்றை வரைந்து அனுப்ப வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டு. அது 50 படம் அனுப்பினால், வந்த படத்தையே திரும்பத் திரும்பக் காட்டுவதைத் தவிர மானிட்டருக்கு வேறு வழி இல்லை.

இங்கேதான் எந்த கேம் என்பது முக்கியமாகிறது. ஜி.டி.எக்ஸ். 1650 போன்ற எளிய கார்டு இருந்தாலே வேலரன்ட் 144-ஐத் தாண்டி ஓடும். அந்த விளையாட்டு எளிய கணினிகளுக்காகவே இலகுவாக எழுதப்பட்டது. அதே கார்டில் சைபர்பங்க் 2077-ஐத் திறந்தால் 60-ஐ எட்டவே திணறும். கதை விளையாட்டுகளை மட்டும் ஆடுபவர் பழைய கார்டை வைத்துக்கொண்டு 240 ஹெர்ட்ஸ் திரை வாங்கினால், கொடுத்த பணத்தின் பெரும்பகுதி உறங்கிக்கொண்டிருக்கும். சதுரங்கம் ஆடுபவருக்கு இந்தக் கவலையே வேண்டாம். அந்த ஆட்டத்துக்கு 60 ஹெர்ட்ஸ் தாராளம்.

சராசரி எண்ணும் ஏமாற்றும். திரை ஓரத்தில் 100 எஃப்.பி.எஸ். (விநாடிக்கு 100 படம்) என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே கேம் சட்டென்று சிக்கி விடுபடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலான படங்கள் பத்து மில்லி விநாடியில் வந்து, நடுவில் ஒன்று மட்டும் ஐம்பது மில்லி விநாடி எடுத்துக்கொண்டால், கண்ணில் படுவது அந்த ஒன்றுதான். ஒற்றை ரேம் குச்சியோடு விற்கப்படும் லேப்டாப்கள், பழைய ஹார்டு டிஸ்க், பின்னால் ஓடும் அப்டேட் எல்லாம் இதற்குக் காரணமாகலாம். இன்னொரு ரேம் சேர்ப்பதும் எஸ்.எஸ்.டி.க்கு மாறுவதும் சில நேரம் புது மானிட்டரைவிட அதிகம் உதவும்.

வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டிய ஊர் இது. கத்திரி வெயிலில், ஏ.சி. இல்லாத விடுதி அறையில், மெத்தைமேல் வைத்து ஆடும் லேப்டாப் சில நிமிடங்களிலேயே கொதிக்கும். சூடு எல்லையைத் தொட்டால், சிப் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஆட்டம் தொடங்கும்போது இருந்த ஃபிரேம் வேகம் அரை மணியில் காணாமல் போவது இதனால்தான். லேப்டாப்பை மேசையில் வைத்து, பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, விசிறித் துளைகளில் அடைந்த தூசியை எடுத்தால் செலவில்லாமலே ஸ்மூத் திரும்பும்.

ஃபிரேம் வேகம் ஏறி இறங்கும்போது படம் நடுவில் கிழிந்ததுபோல் தெரிவதை டியரிங் என்கிறார்கள். கார்டு அடுத்த படத்தை அனுப்பும் நேரமும் திரை மாறும் நேரமும் ஒத்துப்போகாததால் வருவது அது. கார்டைத் திரையின் நேரத்துக்குக் காத்திருக்க வைக்கும் வி-சிங்க் போட்டால் கிழிசல் போகும், தாமதம் கூடும். இதற்கு நல்ல மாற்றாக 2013-இல் என்விடியா ஜி-சிங்க்கை அறிவித்தது, ஏ.எம்.டி.யின் ஃப்ரீசிங்க் மானிட்டர்கள் 2015-இல் வந்தன. கார்டு எப்போது படம் தருகிறதோ அப்போது திரை மாறிக்கொள்ளும். 80-க்கும் 110-க்கும் இடையே ஊசலாடும் கணினி வைத்திருப்பவருக்கு இந்த வசதி, கூடுதல் ஹெர்ட்ஸைவிடப் பெரிய வரம்.

லேக் வேறு, பிங் வேறு

“லேக் அடிக்குது, மானிட்டர் மாத்தணும்” என்று சொல்பவர்களில் பலருக்கு மாற்ற வேண்டியது மானிட்டர் அல்ல. சுட்ட பிறகும் எதிரி சாகாமல் ஓடுவது, ஓடியவர் பின்னால் இழுக்கப்படுவது இவையெல்லாம் இணையத் தாமதத்தின் அறிகுறிகள். வேலரன்டின் இந்திய சர்வர் மும்பையில் இருக்கிறது. கடலூரிலிருந்து மும்பை நேர்கோட்டில் சுமார் 1,100 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். தகவல் போய்த் திரும்பும் நேரமே பிங்; அதற்கு 11 மில்லி விநாடியாவது ஆகியே தீரும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, நடுவில் பல ரவுட்டர்களும் உண்டு. எனவே உண்மைக் கணக்கு இன்னும் கூடுதல். அதோடு விடுதி வைஃபையை ஒரே நேரத்தில் பலர் இழுத்தால் பிங் தாறுமாறாக ஏறும். 144-லிருந்து 240-க்குப் போய் மிச்சம் பிடிக்கும் 2.8 மில்லி விநாடி இதன் முன் ஒன்றுமில்லை. நல்ல ஃபைபர் இணைப்பும், ரவுட்டரிலிருந்து நேராக வரும் லேன் கேபிளும் முதலில் வர வேண்டும்.

கணினியே இல்லாமல் போனில் ஆடும் இளைஞர்களே அதிகம். அங்கும் இதே கதை. 120 ஹெர்ட்ஸ் திரை என்று விளம்பரம் வரும் போனில், ஆடும் கேம் 60-க்கு மேல் அனுமதிக்காமல் போகலாம். பி.ஜி.எம்.ஐ. விளையாட்டில் 90, 120 ஃபிரேம் தேர்வுகள் குறிப்பிட்ட மாடல்களுக்கே திறக்கின்றன. போன் வாங்கும் முன், ஆடப்போகும் கேமின் கிராஃபிக்ஸ் மெனுவில் அந்த மாடலுக்கு எந்த எண் திறக்கிறது என்று அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் பார்த்துக்கொள்வது நல்லது.

வாங்குவதென்று முடிவெடுத்தால்

24 அங்குல 144 ஹெர்ட்ஸ் முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலான முழு எச்.டி. மானிட்டர்கள் சுமார் பத்தாயிரம் ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. சாதாரண அலுவலக மானிட்டருக்கும் இவற்றுக்கும் சில ஆயிரம்தான் வித்தியாசம். புதிதாக மானிட்டர் வாங்கும் மாணவர் 60-ஐ எடுக்க இனிக் காரணம் இல்லை. கேம் ஆடாத நேரத்திலும் புரோகிராம் எழுதும்போது, நீண்ட பக்கங்களை உருட்டிப் படிக்கும்போது எழுத்து தெளிவாக நகர்வது தெரியும். 240-ம் அதற்கு மேலும், போட்டிகளில் இறங்கும் அளவுக்குப் பயிற்சியும் அதற்கேற்ற கார்டும் உள்ளவர்களுக்கானவை.

“ஒரு மில்லி விநாடி” என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். புள்ளி நிறம் மாறும் நேரம் ஒன்று, பின்னொளியை விட்டுவிட்டு எரியவைத்து அளக்கும் நேரம் இன்னொன்று. சில நிறுவனங்கள் பின்னதையே அச்சிடுகின்றன. வி.ஏ. வகைத் திரைகளில் இருட்டுக் காட்சிகள் இழுபடுவது வழக்கம். வேக ஆட்டத்துக்கு ஐ.பி.எஸ். பாதுகாப்பான தேர்வு.

அடுத்தது கேபிள். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பு முழு எச்.டி.யில் பெரும்பாலும் 120-ஐத் தாண்டாது. டிஸ்ப்ளே போர்ட் கேபிள் பெட்டிக்குள் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்க்க வேண்டும். டெஸ்க்டாப்பில் அந்தக் கேபிளை மதர்போர்டு துளையில் செருகாமல் கிராஃபிக்ஸ் கார்டின் துளையில் செருக வேண்டும். இடம் மாற்றிச் செருகி, கார்டு வேலை செய்யவில்லை என்று புலம்புவது அடிக்கடி நடக்கிறது.

கடைசியாக, செலவே இல்லாத ஒரு வேலை. புது மானிட்டரை இணைத்ததும் விண்டோஸ் பல நேரம் அதை 60 ஹெர்ட்ஸிலேயே ஓட்டும். 144 வாங்கி மாதக்கணக்கில் 60-இல் ஆடியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போனால் ரெஃப்ரெஷ் ரேட் பட்டியல் இருக்கும். அதில் பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கேமின் உள்ளேயும் ஃபிரேம் வரம்பு 60-இல் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்கள் புது மானிட்டர் தேடிப் போகும் முன் இதைச் செய்யட்டும். அவர்களில் பலருடைய லேப்டாப் திரையே 144 ஹெர்ட்ஸாக இருக்கும். பேட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அதை 60-க்கு இறக்கி வைத்திருக்கலாம். சார்ஜரைச் செருகி அந்த எண்ணை மாற்றிவிட்டு ஒரு வாரம் ஆடிப் பார்த்தபின் கடைக்குப் போவதா என்று முடிவெடுக்கலாம்.